குழாய்க்குள் ஒரு குழாய்: பெருந்தமனி வீக்கச் சிகிச்சை கடந்து வந்த பாதை

1948-ஆம் ஆண்டு டாக்டர் ருடால்ஃப் நிசன், ஐன்ஸ்டைனின் வயிற்றில் வீங்கியிருந்த பெருந்தமனியைச் செலோஃபேன் தாளால் சுற்றி மூடினார். ஆமாம், பொட்டலம் கட்டுகிற அதே வகைத் தாள்தான்! தாள் உறுத்த உறுத்த, சுற்றிலும் தழும்பு வளர்ந்து சுவர் கெட்டிப்படும் என்பது கணக்கு. 1955 ஏப்ரலில் அந்த வீக்கம் வெடித்தது. மறு அறுவைக்கு ஐன்ஸ்டைன் சம்மதிக்கவில்லை. 18-ஆம் தேதி காலமானார்.

வீங்கிய குழாய் ஏன் வெடிக்கிறது? இயற்பியல் மாணவர்களுக்குத் தெரிந்த லாப்லாஸ் விதிதான். அழுத்தம் மாறாவிட்டாலும், ஆரம் இரட்டித்தால் சுவரின் இழுவிசையும் இரட்டிக்கும். அதாவது வீங்க வீங்க ஆபத்தும் கூடும்.

1951-இல் பாரிஸில் சார்ல்ஸ் துபோஸ்ட் வீங்கிய பகுதியை வெட்டியெடுத்து, வேறொரு தமனித் துண்டைப் பொருத்திக் காட்டினார். ஆனால் வயிற்றையே திறக்க வேண்டும். இதயம், நுரையீரல் பலவீனமான முதியவர் தாங்குவாரா? அர்ஜென்டினாவின் ஹுவான் பரோடியை இந்தக் கேள்வி 1976 முதல் விடவே இல்லை. 1990 செப்டம்பர் 7 அன்று, புவெனஸ் ஐரிஸில், தொடைத் தமனி வழியாக டாக்ரான் துணிக் குழாயை உள்ளே செலுத்தி, அதன் மேல்முனையை ஸ்டென்ட்டால் தமனிச் சுவரோடு பொருத்தினார்.

"அப்போ இவர்தான் முதல் ஆளா?" என்று மாணவர்கள் கேட்பாங்க. வயிற்றுப் பெருந்தமனிக்கு என்றால் பரோடி எனலாம். ஆனால் சோவியத் உக்ரைனின் கார்கிவ் நகரில் நிக்கொலாய் வொலொடோஸ் 1987-லேயே மார்புப் பெருந்தமனியில் இதைச் செய்துவிட்டார். ரஷ்ய மொழியில் வெளிவந்ததால் மேற்குலகம் தாமதமாகத்தான் கவனித்தது. இரு பெயரையும் எழுதுவதே நியாயம்.

இனிதான் உண்மையான சிக்கல். ஆரம்பத்தில் குழாயின் கீழ்முனை பொருத்தப்படாமல் தொங்கியது. ரத்தம் சும்மா இருக்குமா? கீழிருந்து திரும்பி, துணிக்கும் சுவருக்கும் இடையே ஏறியது. வீக்கத்துக்குள் அழுத்தம் குறையவில்லை. பிறகு கீழேயும் ஸ்டென்ட் வைத்தார்கள். பெருந்தமனி தொப்புள் மட்டத்தில் இரண்டாகப் பிரிவதால், நேர்க்குழாய் பலருக்குப் பொருந்தவில்லை. காற்சட்டை வடிவக் குழாய் பிறந்தது. அதிலும் தொல்லை. வளைவிலும் கிளை பிரியும் இடத்திலும் திசை மாறும் ரத்தம் குழாயைத் தள்ளும். வாய் அகலமாக, வளைவு கூர்மையாக இருந்தால் தள்ளும் விசை அதிகம். சில குழாய்கள் கீழே நழுவின; அதனால் மேல்முனையில் கொக்கிகள் வந்தன. கால் பகுதி மடங்கினால் ஓட்டம் தளர்ந்து ரத்தம் உறையும்.

2004-இல் வெளியான பிரிட்டன் ஆய்வில் முதல் 30 நாள் இறப்பு, திறந்த அறுவையில் 4.7%, இம்முறையில் 1.7%. பெரிய வெற்றிதான். ஆனால் அதே நோயாளிகளை 15 ஆண்டுகள் தொடர்ந்து பார்த்து 2016-இல் வெளியிட்ட முடிவு வேறு கதை சொன்னது: 8 ஆண்டுகளுக்குப் பிறகு ஸ்டென்ட் குழாய் வைத்தவர்களிடையே இறப்பு அதிகம். வீக்கம் மறுபடி வெடித்ததும் அதற்கு ஒரு காரணம். அதனால்தான் குழாய் வைத்தவர்களை இன்றும் ஆண்டுக்கணக்கில் ஸ்கேனுக்கு வரச் சொல்கிறார்கள்.