அண்ணாமலைப் பல்கலைக்கழகம்: கொடையும் சட்டமும்

கெடிலம் கடலோடு கலக்கும் இடத்தையொட்டித் தேவனாம்பட்டினத்தில் புனித தாவீது கோட்டையின் எச்சங்கள் உள்ளன. 1690ஆம் ஆண்டு ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனி இக்கோட்டையை மராத்தியரிடமிருந்து விலைக்குப் பெற்றது. கோட்டையிலிருந்து சுடப்பட்ட பீரங்கிக் குண்டு விழுந்த எல்லைக்கு உட்பட்ட ஊர்களெல்லாம் கம்பெனிக்கு உரியனவாயின. அவற்றைக் குண்டு கிராமங்கள் என்று வரலாறு பேசும். அப்பொழுது சென்னையில் கம்பெனியின் தலைவராக இருந்தவர் எலிகு யேல். அவர் அளித்த கொடைக்காக 1718இல் அமெரிக்கக் கல்லூரி ஒன்று அவர் பெயரைச் சூட்டிக்கொண்டது. இன்று தேவனாம்பட்டினத்தில் பெரியார் அரசு கலைக் கல்லூரி இயங்குகிறது. அக்கல்லூரி மாணவர்க்குப் பட்டம் வழங்கும் பல்கலைக்கழகமோ, அதே மாவட்டத்தில், தில்லைக்கு அருகில் உள்ளது. அதுவும் ஒரு கொடையில் முளைத்ததே.

சிதம்பரத்தில் 1920ஆம் ஆண்டு அண்ணாமலைச் செட்டியார் ஸ்ரீ மீனாட்சி கல்லூரியை நிறுவினார். அடுத்துத் தமிழ்க் கல்லூரியும் வடமொழிக் கல்லூரியும் தோன்றின. தமிழ்க் கல்லூரியின் முதல்வராக 1924 முதல் 1927 வரை பணியாற்றியவர் உ. வே. சாமிநாதையர் என்பது தமிழுலகம் நன்கறிந்த செய்தி. இக்கல்லூரிகளோடு 20 இலட்சம் ரூபாயையும் செட்டியார் அரசிடம் ஒப்படைத்தார். சென்னைச் சட்டமன்றம் சட்டம் இயற்ற, 1929இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் பிறந்தது. சம்பந்தர் தங்கிப் பதிகம் பாடிய திருவேட்களம் அதன் நிலமாயிற்று. அந்நிலம் அண்ணாமலைநகர் எனப் பெயர் பெற்றது.

அதன் அமைப்பு தென்னாட்டிற்குப் புதியது. 1857இல் தோன்றிய சென்னைப் பல்கலைக்கழகம் பல ஊர்க் கல்லூரிகளை இணைத்துத் தேர்வு நடத்திப் பட்டம் அளிப்பதையே முதற்பணியாகக் கொண்டிருந்தது. அண்ணாமலையோ ஒரே வளாகத்தில் ஆசிரியரும் மாணவரும் உடனுறைந்து கற்பிக்கவும் கற்கவும் வகுக்கப்பட்டது. ஆளுநர் வேந்தர், நிறுவனர் இணைவேந்தர், நாள்தோறும் ஆட்சியை நடத்துபவர் துணைவேந்தர். பேரவை, ஆட்சிக்குழு, கல்விக்குழு ஆகியவை அதன் அவைகள். முதல் துணைவேந்தர் எஸ். இ. அரங்கநாதன். அவருக்குப் பின் 1935இல் அப்பொறுப்பை ஏற்றவர் வி. எஸ். சீனிவாச சாஸ்திரியார். இணைவேந்தர் பதவி நிறுவனரின் குடும்பத்திலேயே தொடர்ந்தது. கொடையாளரின் உரிமையும் பொதுச் சட்டத்தின் அதிகாரமும் ஒரே நிறுவனத்தில் இணைந்திருந்த நிலை அது.

கலையும் மொழியும் வளர்ந்த அந்நிலத்தில் தொழில்நுட்பம் வந்து சேர்ந்தது 1945இல். இரண்டாம் உலகப் போர் முடிந்த ஆண்டு அது. புதிய தொழில்களுக்கும் அணைகளுக்கும் மின்னாக்கத்திற்கும் பொறியாளர் மிகுதியாகத் தேவைப்பட்டனர். 1794இல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கிய கிண்டிக் கல்லூரி மட்டும் அத்தேவையை நிறைவு செய்ய இயலாது. கோயம்புத்தூரில் அரசு தொழில்நுட்பக் கல்லூரி தோன்றிய அதே ஆண்டில் அண்ணாமலைநகரில் பொறியியல் புலம் எழுந்தது. நகரங்களுக்குச் செல்ல வழியற்ற காவிரிக் கடைமடை, தென்னார்க்காட்டு உழவர் பிள்ளைகளுக்குப் பொறியியல் கல்வி அருகில் வந்தது. பின்னர்ப் பரங்கிப்பேட்டையில் வெள்ளாற்றின் முகத்துவாரத்தையொட்டிக் கடல் உயிரியல் ஆய்வு வளர்ந்தது. 1979இல் தொலைதூரக் கல்வியும், அதனைத் தொடர்ந்து வேளாண்மை, மருத்துவப் புலங்களும் சேர்ந்தன.

தமிழிசை இயக்கத்தின் முதல் மாநாடு 1941இல் கூடியதும் இவ்வளாகத்தில்தான். 1965 சனவரி 27ஆம் நாள் இந்தித் திணிப்பை எதிர்த்து ஊர்வலம் சென்ற மாணவருள் இராசேந்திரன் துப்பாக்கிச் சூட்டில் உயிர் நீத்தார். பல்கலைக்கழக நுழைவாயிலில் அவர் சிலை நிற்கிறது.

கொடையால் எழுந்த மாளிகை நிதி நெருக்கடியால் தளர்ந்தது. தேவைக்கு மேல் ஆயிரக்கணக்கான பணியாளர் சேர்ந்திருந்தனர். ஊதியம் வழங்குவதே அரிதாயிற்று. 2013இல் தமிழக அரசு தனி அலுவலரை அமர்த்தியது. அதே ஆண்டு புதிய சட்டம் இயற்றப்பட்டு, நிறுவனர் குடும்பத்தின் உரிமை முடிவுற்றது. பல்கலைக்கழகம் முழுமையாக அரசின் பொறுப்பில் வந்தது. மிகுந்திருந்த பணியாளர் பிற அரசு நிறுவனங்களுக்கு மாற்றப்பட்டனர். அரசுக் கல்லூரிக் கட்டணமே வேண்டும் என மருத்துவ மாணவர் பல நாள் போராடிய பின்னர், 2021இல் மருத்துவக் கல்லூரி நல்வாழ்வுத் துறைக்குச் சென்று, கடலூர் மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரி ஆயிற்று. அவ்வாண்டே மற்றொரு திருத்தச் சட்டம் கடலூர், விழுப்புரம் முதலிய மாவட்டக் கல்லூரிகளை அண்ணாமலையோடு இணைத்தது. உடனுறைப் பல்கலைக்கழகமாகப் பிறந்தது இணைப்புப் பல்கலைக்கழகமும் ஆயிற்று. தேவனாம்பட்டினத்துக் கல்லூரி அதன் குடைக்கீழ் வந்தது இவ்வாறே.

இம்மாற்றம் அண்ணாமலைக்கு மட்டும் நேர்ந்ததன்று. 1978இல் கிண்டிப் பொறியியல் கல்லூரி உள்ளிட்ட நான்கு நிறுவனங்களை ஒன்றாக்கித் தோன்றிய அண்ணா பல்கலைக்கழகமும் 2001இல் இணைப்புப் பல்கலைக்கழகமாக விரிந்தது. இன்று பண்ருட்டியிலும் அதற்கு உறுப்புக் கல்லூரி உண்டு. விரிவு பலருக்குக் கதவைத் திறக்கும். ஆசிரியரும் மாணவரும் முகம் பார்த்துக் கற்கும் நெருக்கத்தை அது காக்குமா என்பது வேறு கேள்வி.

அதனினும் பெரிய கேள்வி ஒன்று எஞ்சியுள்ளது. கட்டடப் பொறியியலையும் எந்திரப் பொறியியலையும் தமிழ்வழியில் கற்பிக்கும் முயற்சியை அண்ணா பல்கலைக்கழகம் 2010இல் தொடங்கியது. எனினும், தமிழுக்காக ஒரு மாணவர் உயிர் கொடுத்த நாட்டில் பொறியியல் வகுப்புகளின் பொது மொழி இன்னும் ஆங்கிலமே. கலைச்சொல் ஆக்குவது அறிஞர் பணி. அச்சொல்லை நாவில் நடமாடச் செய்வது கவிஞர்க்கும் உரிய பணியாகும். பல்கலைக்கழகம் யாருக்கு உரியது என்ற வழக்கை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தீர்த்துவிட்டது. அங்குக் கற்பிக்கப்படும் அறிவு யார் மொழிக்கு உரியது என்ற வழக்கோ சட்டமன்றத்தில் முடிவதன்று. வகுப்பறையிலும் ஏட்டிலும்தான் முடியவேண்டும்.