தோட்டாவின் வரி

காசு கொடுத்துச் சுடுவது எனக்குப் புதிதல்ல. மெரினாவில் ஒரு பலகை நிறைய பலூன் கட்டி வைத்திருப்பார்கள். ஏர் கன்னை வாங்கி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, பத்துக்கு நாலை உடைத்துவிட்டு, "குழல் கோணலா இருக்குண்ணே" என்று கடைக்காரரிடம் சொல்லிவிட்டு வருவோம். நாற்பது வயது வரைக்கும் எனக்கும் துப்பாக்கிக்கும் இருந்த உறவு அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு போனது பென் ஏவரி சுடுதளத்துக்கு. அரிசோனாவில், ஃபீனிக்ஸ் நகரத்தின் வடக்கு ஓரத்தில், 17ஆம் எண் நெடுஞ்சாலையை ஒட்டி 1,600 ஏக்கருக்கும் மேல் விரிந்து கிடக்கிறது. அதை நடத்துவது தனியார் கிளப் இல்லை. மாநில அரசின் வேட்டை, மீன்வளத் துறை. மானையும் கழுகையும் பார்த்துக்கொள்ளும் அதே துறைதான். உறுப்பினராக வேண்டியதில்லை. கட்டணத்தைக் கட்டினால் ஒரு மேசை, ஒரு நாற்காலி, எதிரே ஒரு மண்மேடு. பெயருக்குரிய பென் ஏவரி ஒரு பத்திரிகையாளர். 'அரிசோனா ரிபப்ளிக்' நாளிதழில் காடு, வேட்டை, மீன்பிடிப்பு பற்றி எழுதிக்கொண்டிருந்தவர். இந்த நிலம் பொதுமக்களுக்குக் கிடைக்கப் பாடுபட்டவர்களில் ஒருவர்.

நான் போனதற்குக் காரணம் என் மகள். இரண்டாம் வகுப்பு. ஒருநாள் பள்ளியிலிருந்து வந்து, இன்றைக்கு 'லாக்டவுன் ட்ரில்' நடந்தது என்றாள். டீச்சர் கதவைப் பூட்டி விளக்கை அணைப்பார். பிள்ளைகள் ஜன்னலில் இருந்து தெரியாத மூலையில் ஒட்டி உட்கார வேண்டும். பேசக்கூடாது, சிரிக்கக்கூடாது. சொல்லி முடித்துவிட்டு, "அப்பா, நீ நிஜத் துப்பாக்கியைத் தொட்டிருக்கியா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். அவள் ஒளியப் பழகிக்கொண்டிருக்கும் பொருளை நான் கையில் எடுத்துப் பார்த்ததுகூட இல்லை என்பது அன்று இரவு முழுக்க உறுத்தியது.

என்னைக் கூட்டிப்போனவர் ஒரு அண்ணன். சிவகங்கைச் சீமைக்காரர், திருப்பத்தூர் பக்கம். இந்த நாட்டுக்கு எனக்குப் பதினைந்து வருடம் முன்னாலேயே வந்தவர். எச்1பி விசாவில் இருக்கிறவர்கள் பொதுவாகத் துப்பாக்கி வைத்துக்கொள்ள முடியாது. வேட்டை உரிமம் போன்ற சில விதிவிலக்குகள் உண்டு. பச்சை அட்டை வந்த வருடம் நான் கார் மாற்றினேன். அவர் ரைஃபிள் வாங்கினார்.

"நம்மூர்ல 1801லயே எல்லாத்தையும் புடுங்கிட்டான் தம்பி. இங்க வந்துதான் திரும்ப வாங்கணும்னு இருந்திருக்கு," என்பார்.

இது அவர் எப்போதும் சொல்லும் நகைச்சுவை. ஆனால் தகவல் சரி. மருது சகோதரர்களைத் திருப்பத்தூரில் தூக்கிலிட்டது 1801 அக்டோபர் 24. அதே ஆண்டு டிசம்பர் 1 அன்று சென்னை கவர்னர் எட்வர்ட் கிளைவ் ஓர் அறிவிப்பு வெளியிட்டார். தென்சீமைப் பாளையக்காரர்களும் சேர்வைக்காரர்களும் குடிமக்களும் இனி ஆயுதம் வைத்திருக்கக் கூடாது என்பது அதன் சாரம். கோட்டைகள் இடிக்கப்பட்டன.

உள்ளே நுழைந்ததும் முதலில் விதிகள். கண்ணாடி, காதுக்கவசம் இல்லாமல் கோட்டுக்குப் பக்கத்தில் வரக்கூடாது. துப்பாக்கி மேசைக்கு வரும்போது குண்டறை திறந்திருக்க வேண்டும். அது காலி என்று தூரத்திலிருந்தே தெரிய, பளிச்சென்ற நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் குச்சியைச் செருகி வைக்க வேண்டும். சுடும் மனம் வரும்வரை விரல் விசைக்குப் போகவே கூடாது. கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை ஒலிபெருக்கியில் 'சுடுவதை நிறுத்துங்கள்' என்று குரல் வரும். எல்லோரும் தோட்டாக்களை எடுத்துவிட்டு, குச்சியைச் செருகி, தரையில் போட்ட கோட்டுக்குப் பின்னால் வந்துவிட வேண்டும். அதன்பிறகு யாரும் துப்பாக்கியைத் தொடக்கூடாது. தளம் 'குளிர்ந்துவிட்டது' என்பது அவர்கள் பாஷை. அப்போதுதான் காகிதத்தை மாற்ற முன்னால் நடந்துபோகலாம். எல்லோரும் திரும்பியதும் தளம் மறுபடி 'சூடாகும்'.

அண்ணன் எனக்குக் கொடுத்தது சின்ன .22 ரைஃபிள். அடி குறைவு, சத்தம் குறைவு. மூச்சைப் பாதி விட்டு நிறுத்து, விசையை இழுக்காதே, மெதுவா அமுக்கு என்றார். அமுக்கினேன். தொலைநோக்கியில் பார்த்தால் என் காகிதத்தில் ஓட்டையே இல்லை. பக்கத்து மேசைப் பெரியவர் தன் தொலைநோக்கியிலிருந்து தலையைத் தூக்கி, நல்ல குறிதான், ஆனால் அது என் காகிதம் என்றார். நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் சிரித்துவிட்டுத் தன் தோட்டா டப்பாவை என் பக்கம் திருப்பிக் காட்டினார். '6.5 கிரீட்மோர்' என்று போட்டிருந்தது. இந்தப் பெயர் வந்த இடத்திலேயே ஒருத்தன் இதே தப்பைச் செய்து தன் நாட்டையே தோற்கடித்தான், நீ பரவாயில்லை என்றார்.

அவர் ஆரம்பித்து வைத்ததை வீட்டுக்கு வந்து பல வாரம் தேடிப் படித்தேன். அந்த டப்பாவிலிருந்த தோட்டா 2007இல் ஹார்னடி நிறுவனம் உருவாக்கியது. பெயரோ நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் 1870களில் இருந்த ஒரு சுடுதளத்தினுடையது.

அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்தபோது வடக்கத்தி அதிகாரிகள் பலருக்கு ஒரே புலம்பல்: நம்ம ஆட்களுக்குச் சுடத் தெரியவில்லை. 1863இல் கெட்டிஸ்பர்க் களத்தில் பொறுக்கியெடுத்த ஏறத்தாழ 27,000 துப்பாக்கிகளில் பெரும்பாலானவை நிரப்பியபடியே கிடந்தன. பலவற்றில் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு மூன்று தோட்டாக்கள். பயத்தில் நிரப்பியிருக்கிறார்கள், சுடவில்லை. அல்லது சுட்டுவிட்டதாக நினைத்து மறுபடி நிரப்பியிருக்கிறார்கள். 1871இல் வில்லியம் சர்ச் என்ற பத்திரிகை ஆசிரியரும் ஜார்ஜ் விங்கேட் என்ற தேசியக் காவல்படை அதிகாரியும் சேர்ந்து, மக்களுக்குக் குறிபார்க்கச் சொல்லிக் கொடுக்க ஒரு சங்கம் தொடங்கினார்கள். தேசிய ரைஃபிள் சங்கம். ஆமாம், இன்று அமெரிக்க அரசியலில் கேட்கிற அதே என்.ஆர்.ஏ.தான்.

அவர்களுக்கு முன்மாதிரி இங்கிலாந்து. பிரெஞ்சுக்காரன் கடல் தாண்டி வந்துவிடுவான் என்ற பீதியில் 1859இல் அங்கே ஊர் ஊராகத் தொண்டர் படை திரண்டது. அடுத்த ஆண்டு விம்பிள்டன் மைதானத்தில் நடந்த முதல் போட்டியை விக்டோரியா மகாராணி ஒரு தோட்டாவைச் சுட்டுத் தொடங்கிவைத்தார். ரைஃபிளைத் தாங்கியில் பொருத்தி ஏற்கெனவே குறிபார்த்து வைத்திருந்தார்கள். மகாராணி செய்ததெல்லாம் ஒரு பட்டுக்கயிற்றை இழுத்ததுதான். 400 கஜத்தில் குண்டு இலக்கின் நடுப்பகுதியில் பட்டது.

நியூயார்க் மாநிலம் 25,000 டாலர் கொடுக்க, கிரீட் குடும்பத்தின் பழைய பண்ணை நிலத்தில் 1873இல் கிரீட்மோர் திறந்தது. மறு ஆண்டு செப்டம்பரில், இங்கிலாந்தை வென்றிருந்த அயர்லாந்து அணி அமெரிக்கர்களோடு மோத வந்தது. அணிக்கு ஆறு பேர். 800, 900, 1,000 கஜம். அயர்லாந்துக்காரர்கள் வாய்வழி நிரப்பும் ரிக்பி துப்பாக்கி கொண்டுவந்தார்கள். அமெரிக்கர்களிடம் பின்பக்கம் நிரப்பும் ரெமிங்டனும் ஷார்ப்ஸும். வேடிக்கை பார்க்க ஆயிரக்கணக்கான ஜனம் ரயிலேறி வந்தது. அயர்லாந்தின் மில்னர் ஒரு தோட்டாவை நட்டநடுவில் போட்டார். ஆனால் அது பக்கத்து இலக்கு. 4 புள்ளி பூஜ்யமானது. அமெரிக்காவின் கடைசி ஆள் ஜான் போடைன். அதற்குச் சற்று முன்னால் ஜிஞ்சர் பீர் பாட்டில் உடைந்து அவர் கையைக் கிழித்திருந்தது. கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு படுத்து, 1,000 கஜத்தில் நடுவில் போட்டார். 934க்கு 931. மில்னரின் அந்த 4 புள்ளி இருந்திருந்தால் கதையே வேறு.

இதையெல்லாம் படித்துக்கொண்டிருந்தபோது ஒரு வருடம் இடறியது. 1878. கிரீட்மோரில் கூட்டம் கைதட்டிக்கொண்டிருந்த அதே காலம். லிட்டன் பிரபு இந்திய ஆயுதச் சட்டத்தைக் கொண்டுவந்தார். இந்தியர்கள் ஆயுதம் வைத்திருக்க உரிமம் வேண்டும், ஐரோப்பியர்களுக்கு விலக்கு. தன் குடிமக்கள் சுடத் தெரியாமல் இருக்கிறார்களே என்று பயந்த அதே அரசு, எங்கள் ஆட்களுக்குத் தெரிந்துவிடுமோ என்று பயந்திருக்கிறது. அண்ணனிடம் சொன்னேன். "ரெண்டும் ஒரே பயந்தான் தம்பி. யாரு கையில இருக்குங்கிறதுதான் வித்தியாசம்," என்றார்.

கிரீட்மோர் ரொம்ப நாள் நிலைக்கவில்லை. சுற்றி வீடுகள் வந்தன. வழிதவறிய குண்டுகளைப் பற்றிப் புகார்கள் வந்தன. போட்டிகள் 1890களில் நியூ ஜெர்சிக்கு இடம் மாறின. 1912இல் அந்த நிலத்தில் மனநல மருத்துவமனை வந்தது. இன்றும் அதன் பெயர் கிரீட்மோர்தான். பாடகர் வுடி கத்ரி 1967இல் இறந்தது அங்கேதான். பக்கத்துத் தெருக்களுக்கு இன்னும் வின்செஸ்டர், மஸ்கெட், ரேஞ்ச் என்று பெயர்.

சங்கமும் மாறியது. 1934இல் கூட்டாட்சி அரசு இயந்திரத் துப்பாக்கிகளைக் கட்டுப்படுத்தச் சட்டம் கொண்டுவந்தபோது, அதன் தலைவர் கார்ல் ஃபிரடெரிக் நாடாளுமன்றக் குழு முன் போய், ஆளாளுக்குத் துப்பாக்கியோடு திரிவதில் தனக்கு நம்பிக்கையில்லை என்ற பொருளில் பேசினார். 1920 ஒலிம்பிக்கில் கைத்துப்பாக்கிப் போட்டியில் தங்கம் வென்றவர் அவர். 1977இல் சின்சினாட்டியில் நடந்த ஆண்டுக் கூட்டத்தில் உறுப்பினர்களில் ஒரு பிரிவு பழைய தலைமையைத் தூக்கியெறிந்தது. அதன்பிறகு இலக்குக் காகிதத்தை அரசியல் பின்னுக்குத் தள்ளியது.

சரி, பென் ஏவரி போன்ற பொதுத் தளத்துக்குக் காசு எங்கிருந்து வருகிறது? நான் கட்டிய கட்டணம் மட்டும் போதாது. 1937இல் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்ட பிட்மன்–ராபர்ட்சன் சட்டம் என்று ஒன்று உண்டு. வேட்டையாடிக் காடு காலியாகிக்கொண்டிருந்த நேரம். வெள்ளைவால் மான் நாடு முழுக்கச் சில லட்சம்தான் மிஞ்சியிருந்தது. ரைஃபிளுக்கும் தோட்டாவுக்கும் போடும் 11 சதவீத வரியை எடுத்து, மாநிலங்களுக்குக் காட்டுயிர்களை மீட்கக் கொடு என்றது சட்டம். வேட்டை உரிமப் பணத்தை வேறு செலவுக்குத் திருப்பக்கூடாது என்பது நிபந்தனை. 1970இல் கைத்துப்பாக்கிக்கான 10 சதவீதமும் சேர்ந்தது. வேட்டைப் பயிற்சிக்கும் சுடுதளங்களுக்கும் பணம் திறந்தது. 2019இல் தளம் கட்ட மாநிலம் போடவேண்டிய பங்கை 25 சதவீதத்திலிருந்து 10ஆகக் குறைத்தார்கள். வரி தயாரிப்பாளரிடமே வாங்கப்படுவதால் விலைக்குள் ஒளிந்திருக்கிறது. நான் சுட்ட ஒவ்வொரு தோட்டாவிலும் ஒரு துளி மானுக்குப் போயிருக்கிறது. மான்கள் இன்று கோடிக்கணக்கில்.

நல்ல கதைதான். இதைச் சொல்லும்போது அண்ணனுக்கு முகம் மலரும். எனக்கும் மலர்ந்தது, அடுத்த பக்கத்தைப் படிக்கும் வரை.

2012 டிசம்பரில் கனெடிகட்டில் சாண்டி ஹூக் தொடக்கப் பள்ளியில் ஒருவன் 20 குழந்தைகளையும் 6 பெரியவர்களையும் சுட்டுக் கொன்றான். பிள்ளைகளுக்கு ஆறு வயது, ஏழு வயது. புதுச் சட்டம் வந்துவிடும் என்ற பயத்தில் ஜனங்கள் கடைக்கு ஓடினார்கள். துப்பாக்கியும் தோட்டாவும் விற்றுத் தீர்ந்தன. விற்பனை ஏறினால் வரி ஏறும். வரி ஏறினால் காட்டுக்குப் பணம். 2020இல் பெருந்தொற்றுப் பயத்தில் மறுபடி அதே ஓட்டம். 2022இல் மாநிலங்களுக்குப் பகிர்ந்த தொகை 100 கோடி டாலரைத் தாண்டியது. யாரும் திட்டமிட்டு இப்படிச் செய்யவில்லை. சட்டம் எழுதியவர்கள் மானைப் பற்றித்தான் யோசித்தார்கள். ஆனால் கணக்கு அப்படித்தான் ஓடுகிறது. என் மகளின் வகுப்பறை விளக்கை அணைக்க வைக்கும் பயமும், பாலைவனத்து மானுக்குத் தண்ணீர்த்தொட்டி கட்டும் பணமும் ஒரே கல்லாப்பெட்டி வழியாகப் போகின்றன.

இன்னொன்றும் உண்டு. வடக்கு அரிசோனாவில் அழியும் நிலையில் இருக்கிற கலிபோர்னியா கான்டோர் கழுகுகள், வேட்டைக்காரர்கள் விட்டுப்போன உடல்களைத் தின்று ஈய நஞ்சால் சாகின்றன. ஈயமில்லாத தோட்டாவை அந்தப் பகுதி வேட்டைக்காரர்களுக்கு இலவசமாகக் கொடுத்து, இதைப் பயன்படுத்துங்கள் என்று கேட்டுக்கொள்வதும் இதே துறைதான்.

அன்று நான் ஒரு பெட்டி முழுக்கச் சுட்டேன். பிடித்திருந்ததா என்று கேட்டால், பிடித்திருந்தது. இதை மறைத்து எழுதினால் பொய்யாகிவிடும். மூச்சு அடங்கி, அந்தச் சின்னக் கறுப்பு வட்டம் மட்டும் மிஞ்சுகிற நொடி தியானம் மாதிரி இருக்கிறது. அதைவிடப் பிடித்தது தளம் 'குளிர்ந்த' நேரங்கள். முன்பின் தெரியாத நாற்பது பேர், எல்லோரிடமும் ஆயுதம். ஒரு குரல் சொன்னதும் மொத்தப் பேரும் கையை எடுத்துவிட்டுக் கோட்டுக்குப் பின்னால் வந்து நிற்கிறார்கள். ஒருவர் மறந்துபோய் மேசைப் பக்கம் கை நீட்டினால், அதிகாரி வருவதற்குள் பக்கத்து ஆளே சத்தம் போடுகிறார். இந்த நாட்டில் துப்பாக்கி விஷயத்தில் இவ்வளவு ஒற்றுமையை நான் வேறெங்கும் பார்க்கவில்லை. வாசலைத் தாண்டினால் அந்தக் கோடு இல்லை.

ஈயத்தூள் ஒட்டியிருக்கும், பிள்ளையைத் தொடுவதற்கு முன்னால் சட்டையை மாத்து, பச்சைத்தண்ணியில கை கழுவு என்று அண்ணன் சொல்லி அனுப்பியிருந்தார். வீட்டுக்குள் நுழைந்ததும் மகள் ஓடிவந்தாள். "இரும்மா, கை கழுவிட்டு வர்றேன்" என்று குளியலறைக்குப் போனேன். வாசலிலேயே நின்றுகொண்டாள்.

"ரொம்ப சத்தமா இருந்துச்சாப்பா?"

"ஆமா. காதை மூடிக்கிட்டோம்."

கொஞ்ச நேரம் யோசித்தாள். "எங்க ட்ரில்ல சத்தமே இருக்காது. போன தடவை ஒரு பையன் இருமிட்டான். எல்லாரும் அவனைப் பாத்தோம்," என்றாள்.

நான் இன்னொரு முறை சோப்புப் போட்டேன்.