எச்.ஐ.வி.யும் காசநோயும்: சென்னை ஆய்வுகளின் வரலாறு

எச்.ஐ.வி. தொற்றியவர்களுக்கு வரும் பிற தொற்றுநோய்கள், அவர்களுடைய நோய் எதிர்ப்புத் திறன் குலைவது, மருந்தால் அது மீள்வது ஆகியவற்றைப் பற்றிய இந்திய ஆய்வுகளில் கணிசமானவை சென்னையில் நடந்தவை. சேத்துப்பட்டிலுள்ள தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம், தாம்பரம் சானடோரியம், ஒய்.ஆர்.ஜி. கேர் என்னும் தொண்டு நிறுவனம் ஆகிய மூன்றும் இந்த வரலாற்றில் மாறிமாறி வருகின்றன. அமெரிக்காவில் எய்ட்ஸ் முதலில் ஒருவகை அரிய நிமோனியாவாகத் தென்பட்டது. தமிழ்நாட்டிலோ அது காசநோயைக் கூட்டிக்கொண்டுதான் ஆஸ்பத்திரிக்கு வந்தது.

எச்.ஐ.வி.க்கு முன்

இந்த ஆய்வுகளுக்கு வேண்டிய அடித்தளம் எச்.ஐ.வி. தலைகாட்டுவதற்கு நெடுநாள் முன்பே சென்னையில் போடப்பட்டுவிட்டது. டாக்டர் சௌரி முத்து 1928-இல் தாம்பரத்தில் தொடங்கிய காசநோய் மருத்துவமனையை 1937-இல் அரசு எடுத்துக்கொண்டது. பக்கத்து ரயில் நிலையத்துக்கும் சானடோரியம் என்ற பெயரே நிலைத்தது. 1956-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகிய நான்கும் சேர்ந்து காசநோய் மருந்துச் சிகிச்சைக்கென ஓர் ஆய்வு மையத்தைச் சென்னை சேத்துப்பட்டில் நிறுவின. வாலஸ் ஃபாக்ஸ் அதை வழிநடத்தினார். சானடோரியத்தில் படுத்துத் தேறுவதற்கும் வீட்டிலிருந்தபடியே மருந்து சாப்பிட்டுத் தேறுவதற்கும் பெரிய வேறுபாடில்லை என்று அம்மையம் 1959-இல் வெளியிட்ட முடிவு உலகெங்கும் காசநோய் மருத்துவத்தின் போக்கை மாற்றியது.

அடுத்து வந்த கேள்வி, மருந்தை நாள்தோறும் கொடுத்தாக வேண்டுமா என்பது. வாரம் இருமுறை, கண்காணிப்பில் கொடுத்தாலும் போதும் என்று 1964-இல் வெளியான ஆய்வு காட்டியது. நோயாளி எதிரில் உட்கார்ந்து மாத்திரையை விழுங்குவதைப் பார்த்துக் கொடுக்கும் முறை இப்படித்தான் வேரூன்றியது. 1997-இல் தொடங்கிய இந்தியாவின் திருத்திய காசநோய்த் திட்டம் வாரம் மும்முறைச் சிகிச்சையைக் கைக்கொண்டதற்கும் இடைவெளி விட்டு மருந்து கொடுக்கும் இந்தச் சிந்தனையே பின்புலம். பின்னால் வரப்போவதைப் புரிந்துகொள்ள இதை நினைவில் வைத்திருப்பது நல்லது.

1986

1981 ஜூன் 5 அன்று லாஸ் ஏஞ்சலஸ் நகர இளைஞர்கள் ஐவருக்கு வந்த நிமோனியா பற்றிய சிறு அறிக்கை வெளியானது. 1983-இல் பாரிஸின் பாஸ்டர் நிறுவனம் வைரஸைப் பிரித்தெடுத்தது. இந்தியாவில் அது இருக்காது என்பதே அப்போது பலருடைய எண்ணம். சென்னை மருத்துவக் கல்லூரியின் நுண்ணுயிரியல் பேராசிரியர் சுனிதி சாலமன் வைரஸ் இங்கே உண்டா என்பதையே தம் மாணவி செல்லப்பன் நிர்மலாவிடம் ஆய்வேட்டுத் தலைப்பாகத் தந்தார். அரசு காப்பகத்தில் இருந்த பாலியல் தொழிலாளர்களிடம் நிர்மலா இரத்த மாதிரிகளைச் சேகரித்தார். அவற்றைச் சோதிக்கும் வசதி சென்னையில் இல்லாததால், கணவரோடு ரயிலேறி வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோனார். அங்கே வைரஸ் ஆய்வாளர் ஜேக்கப் ஜானின் ஆய்வகத்தில் ஆறு மாதிரிகளில் தொற்று தெரிந்தது. அமெரிக்காவில் செய்த மறுசோதனை அதை உறுதிப்படுத்தியது. மாநில சுகாதார அமைச்சர் எச்.வி. ஹண்டே இதைச் சட்டமன்றத்தில் அறிவித்தார். முதுகலை மாணவியின் ஆய்வேடு ஒன்று நாட்டின் சுகாதாரக் கொள்கையையே அசைத்தது இந்திய மருத்துவத்தில் அடிக்கடி நடப்பதில்லை.

சுனிதி சாலமன் 1993-இல் ஒய்.ஆர்.ஜி. கேர் அமைப்பைத் தொடங்கினார். எச்.ஐ.வி. நோயாளி என்றாலே பல ஆஸ்பத்திரிகள் கதவடைத்த காலம் அது. அதே ஆண்டு தாம்பரம் சானடோரியம் அவர்களை உள்நோயாளிகளாகச் சேர்க்கத் தொடங்கியது. காசநோயாளிகளை ஊர் ஒதுக்கிவைத்த நாட்களைக் கண்ட மருத்துவமனை என்பதாலோ என்னவோ, பிற இடங்களில் விரட்டப்பட்டவர்கள் இங்கே வந்து சேர்ந்தார்கள். ஆந்திரத்திலிருந்தும் திரளாக வந்தார்கள். சில ஆண்டுகளில் நாட்டின் மிகப் பெரிய எச்.ஐ.வி. சிகிச்சை மையங்களில் ஒன்றாக அது வளர்ந்தது. 2004 ஏப்ரலில் அரசு இலவசக் கூட்டு மருந்துச் சிகிச்சையைத் தொடங்கியபோது தேர்ந்தெடுத்த முதல் எட்டு மையங்களில் தாம்பரமும் இருந்தது.

எதிர்ப்புத் திறன் குலையும் விதம்

காசநோய்க் கிருமி இந்தியரில் கணிசமானோரின் உடலில் உறங்கிக் கிடக்கிறது. நுரையீரலில் நுழைந்த கிருமியை விழுங்கும் அணுக்களுக்குக் கட்டளையிட்டு, அதைச் சுற்றி வேலி கட்டவைப்பவை சி.டி.4 என்னும் வெள்ளணுக்கள். எச்.ஐ.வி. அழிப்பது இவற்றைத்தான். எச்.ஐ.வி. இல்லாத ஒருவருக்கு உறங்கும் கிருமி நோயாக மாறும் வாய்ப்பு வாழ்நாள் முழுவதற்கும் சேர்த்து 5 முதல் 10 விழுக்காடு, எச்.ஐ.வி. இருந்து சிகிச்சை பெறாதவருக்கு ஒரே ஆண்டில் அந்த அளவை நெருங்கிவிடும். நிமோசிஸ்டிஸ் நிமோனியா சி.டி.4 எண்ணிக்கை 200-க்குக் கீழே போன பிறகும், கிரிப்டோகாக்கஸ் மூளைக்காய்ச்சல் 100-க்குக் கீழே போன பிறகும் தாக்குவதே வழக்கம். காசநோய்க்கு இந்தக் கணக்கே கிடையாது. எண்ணிக்கை 500 இருக்கும்போதும் வரும். எதிர்ப்புத் திறன் மிகவும் தளர்ந்தவர்களின் நுரையீரலில் குழிவிழுவது குறைவு. சளியில் கிருமி பலருக்குத் தென்படாது, எக்ஸ்ரேயும் சில வேளை தெளிவாக இருக்கும். பழைய அளவுகோல்கள் இவர்களிடம் பொய்த்தன.

2003-இல் என்.குமாரசாமியும் ஒய்.ஆர்.ஜி. கேர் ஆய்வாளர்களும் 594 நோயாளிகளின் நோய்ப்போக்கைத் தொகுத்து வெளியிட்டனர். எய்ட்ஸ் நிலையைக் குறிக்கும் நோய்களில் நுரையீரல் காசநோய் 49 விழுக்காடு. மேலைநாட்டுப் பாடநூல்கள் முதலிடம் தந்த நிமோசிஸ்டிஸ் வெறும் 6 விழுக்காடு. பாடநூலைப் பார்த்து வைத்தியம் செய்ய முடியாது என்பதை உள்ளூர்ப் பதிவேடுகளே சொல்லிவிட்டன. சங்கர நேத்ராலயா கண் மருத்துவமனையின் ஜோதிர்மய் பிஸ்வாஸ் எய்ட்ஸ் நோயாளிகளின் கண் பாதிப்புகளை இந்தியாவில் முதன்முதலாக 1995-இல் பதிவு செய்தார். சி.டி.4 எண்ணும் இயந்திரம் எட்டா விலையில் இருந்ததால், காந்த மணிகளைக் கொண்டு அணுக்களைப் பிரித்து, கைமுறையாக எண்ணும் மலிவான வழியையும் ஒய்.ஆர்.ஜி. கேர் சோதித்துப் பார்த்தது.

மருந்துகளின் மோதல்

சேத்துப்பட்டு மையத்தில் எச்.ஐ.வி. ஆய்வுகளை முன்னெடுத்தவர் சௌமியா சுவாமிநாதன். பின்னாளில் உலக சுகாதார நிறுவனத்தின் முதல் தலைமை விஞ்ஞானியானவர். எச்.ஐ.வி. உள்ளவர்களின் குடல் காசநோய் மருந்துகளான ரிஃபாம்பிசினையும் ஐசோனியசிடையும் சரியாக உறிஞ்சுவதில்லை என்று அங்கு 2004-இல் தெரியவந்தது. இரு நோய்களுக்கும் ஒருசேர மருந்து கொடுப்பதில் வேறொரு சிக்கலும் இருந்தது. ரிஃபாம்பிசின் கல்லீரல் நொதிகளைத் தூண்டிவிட்டு நெவிரபின் என்னும் எச்.ஐ.வி. மருந்தின் அளவைக் குறைத்துவிடும். எஃபவிரென்ஸ் என்னும் மற்றோர் எச்.ஐ.வி. மருந்தையும் நாளொரு வேளை நெவிரபினையும் 116 பேரிடம் ஒப்பிட்ட சோதனையில் நெவிரபின் பின்தங்கியது. புதியவர்களைச் சேர்ப்பதை இடையிலேயே நிறுத்த வேண்டியிருந்தது. முடிவு 2011-இல் வெளியானது.

வைரஸ் அடங்கி எதிர்ப்புத் திறன் திரும்பும்போது சிலருக்கு உடல்நிலை மோசமாவதும் உண்டு. நெறிக்கட்டுகள் வீங்கும், காய்ச்சல் திரும்பும். விழித்த வெள்ளணுக்கள் எஞ்சிய கிருமியின் மேல் வரம்பு மீறிப் பாய்வதன் விளைவு இது. மருந்து வேலை செய்யவில்லை என்று நோயாளி அதை நிறுத்திவிடும் ஆபத்து இங்கேதான் அதிகம்.

2011-இல் வெளியான எச்.பி.டி.என். 052 என்னும் பன்னாட்டு ஆய்வில் சென்னையும் புனேயும் பங்கேற்றன. ஒன்பது நாடுகளின் 1,763 இணையரிடம் நடந்த அந்த ஆய்வு, முன்கூட்டியே சிகிச்சை தொடங்கினால் துணைக்குத் தொற்று பரவுவது 96 விழுக்காடு குறையும் என்று காட்டியது. எதிர்ப்புத் திறன் விழும்வரை காத்திருக்காதவர்களுக்கு நுரையீரலுக்கு வெளியே வரும் காசநோயும் குறைந்தது.

இடைவெளிச் சிகிச்சையின் முடிவு

எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு வாரம் மும்முறை மருந்து போதுமா என்பதே எஞ்சிய கேள்வி. 2001 முதல் 2005 வரை 327 பேரைச் சேர்த்து, ஆறு மாதச் சிகிச்சையையும் ஒன்பது மாதச் சிகிச்சையையும் சேத்துப்பட்டு மையம் ஒப்பிட்டது. இரண்டுமே வாரம் மும்முறை. 2010-இல் வெளியான முடிவின்படி, நோய் திரும்ப வந்தவர்கள் ஆறு மாதக் குழுவில் 15 விழுக்காடு, ஒன்பது மாதக் குழுவில் 7 விழுக்காடு. ஆனால் கவலை தந்தது வேறொன்று. சிகிச்சை தோற்றவர்கள் பலரிடம் கிருமி ரிஃபாம்பிசினை எதிர்க்கக் கற்றிருந்தது. கால அளவை நீட்டினால் மட்டும் இது தீராது என்று புலப்பட்டது.

2011-இல் மையம் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்று பெயர் மாறியது. நரேந்திரன் கோபாலனும் பிறரும் நடத்திய அடுத்த சோதனையில் 331 பேர் மூன்று குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். நாள்தோறும் மருந்து பெற்றவர்களில் 91 விழுக்காட்டினர் தேறினர். முதற்கட்டத்தில் மட்டும் தினமும் பெற்றவர்களில் 80. வாரம் மும்முறைக் குழுவில் 77. ரிஃபாம்பிசின் எதிர்ப்பு புதிதாகத் தோன்றிய நால்வரும் இந்தக் கடைசிக் குழுவைச் சேர்ந்தவர்கள். அரை நூற்றாண்டுக்கு முன் இடைவெளிச் சிகிச்சைக்கு வழி திறந்த நிறுவனமே அதன் எல்லையையும் அளந்து காட்டியது. ஆய்வுக் கட்டுரை 2018-இல் அச்சேறியது. அதற்கு முந்திய ஆண்டிலேயே தேசியத் திட்டம் எச்.ஐ.வி. உள்ளவர், இல்லாதவர் என்ற பாகுபாடின்றி எல்லாக் காசநோயாளிகளையும் தினசரி மருந்துக்கு மாற்றிக்கொண்டிருந்தது.