மாத்தளையில் நமது மூதாதையரைத் தேடுவோம்



சென்ற தவணையில் ஆறாம் தரப் பிள்ளைகளிடம் குடும்ப மரம் வரைந்து வரச் சொன்னேன். அநேகமானோர் மூன்று தலைமுறையோடு நின்றுவிட்டார்கள். வீட்டுக்கு வந்து என்னுடையதை வரைந்து பார்த்தேன். நான்காவது பெயரில் என் பேனாவும் நின்றது.

இந்தச் சிக்கல் நமக்கு மட்டுமல்ல. அயர்லாந்தில் உள்நாட்டுப் போரின்போது, 1922 ஜூன் 30ஆம் திகதி, டப்ளின் நகரின் அரச ஆவணக் காப்பகம் எரிந்தது. 1821 முதல் 1851 வரையான குடிசன மதிப்பீட்டு ஏடுகளில் பெரும்பகுதி சாம்பலானது. ஆனாலும் அந்த மக்கள் தேடலைக் கைவிடவில்லை. 1847க்கும் 1864க்கும் இடையில் வரி விதிப்பதற்காகத் தயாரிக்கப்பட்ட கிரிபித் மதிப்பீட்டில், காணியும் வீடும் வைத்திருந்தோரின் பெயர்கள் ஊர்வாரியாக இருந்தன. ஆள் கணக்கு எரிந்தாலும் நிலக் கணக்கு வழிகாட்டியது.

நமது ஊரிலும் ஏடுகள் அழிந்திருக்கின்றன. 1848 ஜூலை 28இல் புரன் அப்புவும் கிளர்ச்சியாளரும் மாத்தளைக் கச்சேரியைத் தாக்கி வரிப் பதிவுகள் சிலவற்றை அழித்தார்கள். நாய்க்கும் துப்பாக்கிக்கும் கடைக்கும் வரி கேட்ட காலம் அது. அன்று ஏட்டில் பெயர் இருப்பது பாரம். அதே பெயரைத்தான் இன்று நாம் தேடுகிறோம்.

ஒல்லாந்தரின் தோம்புகளிலும் நாம் இல்லை. அவை கரையோர மக்களுக்கானவை. கண்டி இராச்சியம் 1815 வரை அந்நியர் கைக்குப் போகவில்லை. பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம் 1867இலும், முஸ்லிம் விவாகப் பதிவுச் சட்டம் 1886இலும்தான் வந்தன. பதியாவிட்டாலும் நிகாஹ் செல்லும் என்பதால், அதன் பிறகும் பதியப்படாத திருமணங்கள் உண்டு.

அப்படியானால் எங்கே தேடுவது?

முதலில் உங்கள் கெதரப் பெயர். நமது பெயரோடு வாப்பாவின் பெயரே சேர்வதால் தலைமுறைக்குத் தலைமுறை அது மாறிவிடும். மாறாமல் வருவது கெதரப் பெயர் ஒன்றுதான். மன்னர் காலத்தில் தவளம் மாடுகளில் பொதி ஏற்றியவர்கள், வைத்தியம் பார்த்தவர்கள் என நம்மவர்கள் இருந்ததை பேராசிரியை லோனா தேவராஜா எழுதியிருக்கிறார். சிங்களப் பெயராக இருக்கிறதே என்று சிலர் அதை விட்டுவிடுகிறார்கள். தயவுசெய்து விடாதீர்கள். இந்த மண்ணில் நாம் எத்தனை காலம் வாழ்ந்தோம் என்பதற்கு அதுவும் ஒரு சாட்சி.

அடுத்தது பழைய காணி உறுதிகள். விற்றவர், வாங்கியவர், நான்கு எல்லையிலும் இருந்தவர்கள் என ஒரே தாளில் பல பெயர்கள் கிடைக்கலாம். பின்னர் பள்ளிவாசலின் பழைய சந்தாப் புத்தகங்கள், மையவாடியில் எழுத்துள்ள மீசான் கற்கள், வீட்டுக் கிதாபுகளின் கடைசிப் பக்கத்தில் அறபுத்தமிழில் எழுதிய குறிப்புகள். வீடு வெள்ளையடிக்கும்போது பழைய பெட்டிகளை எரித்துவிடாதீர்கள்.

எல்லாவற்றுக்கும் முன் பெரியவர்களிடம் கேளுங்கள். என் உம்மும்மாவுக்கு நான் எழுதாமல் நின்ற அந்தப் பெயர் தெரிந்திருக்கும். அவர் உயிரோடு இருந்தபோது நான் கேட்கவில்லை. உங்கள் வீட்டில் ஒரு மூத்தவர் இருந்தால், இன்று அஸருக்குப் பிறகு ஒரு கொப்பியோடு அவர் பக்கத்தில் உட்காருங்கள்.

வஸ்ஸலாம்.