நொதிகளின் வேகமும் அதை ஆள்வனவும்

உயிரணுக்களில் நடக்கும் வேதிவினைகளை விரைவுபடுத்தும் மூலக்கூறுகள் நொதிகள். வினையூக்கும் திறன் பெற்ற சில ஆர்.என்.ஏ. மூலக்கூறுகளைத் தவிர்த்தால் அவை எல்லாமே புரதங்கள். எவ்வளவு விரைவு என்பதை எண்ணில் சொன்னால்தான் விளங்கும். ஆர்.என்.ஏ.வுக்கான மூலப்பொருள் ஒன்று உருவாகும் வழியில், ஓரோட்டிடின் மோனோபாஸ்பேட் என்ற சேர்மத்திலிருந்து கார்பன் டை ஆக்சைடு பிரிந்தாக வேண்டும். அமெரிக்க அறிவியலாளர்கள் அன்னா ராட்சிக்காவும் ரிச்சர்ட் வுல்ஃபெண்டனும் 1995இல் வெளியிட்ட கணக்குப்படி, இத்தகைய சேர்மம் வெறும் நீரில் பாதி சிதைய 7.8 கோடி ஆண்டுகள் ஆகும். உரிய நொதி பக்கத்தில் இருந்தால் ஒரு வினாடிகூட ஆகாது. வேகம் சுமார் 10¹⁷ மடங்கு கூடுகிறது.

இந்த ஆற்றல் உயிரணுவுக்கே உரியது என்றுதான் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பலரும் நம்பினார்கள். 1897இல் ஜெர்மனியின் எடுவார்ட் புக்னர் ஈஸ்ட்டை மணலோடு அரைத்துப் பிழிந்தார். உயிரணு ஒன்றுகூட இல்லாத அந்தச் சாறு சர்க்கரையை நொதிக்க வைத்தது. ஆனால் சாற்றில் வேலை செய்தது எந்தப் பொருள்? அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் சம்னர், வாளவரை விதையிலிருந்து யூரியேஸ் நொதியை 1926இல் படிகமாகப் பிரித்தெடுத்து, அது புரதம் என்று காட்டினார். அந்தக் காலத்துப் பெரிய வேதியியலாளர்கள் ஏற்க மறுத்தார்கள். நோபல் பரிசு 1946இல்தான் வந்தது.

ஒரு மூலக்கூறு மற்றொன்றாக மாறுவதற்கு, பழைய பிணைப்புகள் பாதி முறிந்தும் புதியவை பாதி உருவாகியும் இருக்கும் நிலையற்ற கட்டம் ஒன்றைக் கடந்தாக வேண்டும். அதற்குத் தேவையானது கிளர்வு ஆற்றல். நொதி இந்தத் தேவையைக் குறைக்கிறது. உடல் வெப்பநிலையில் கிளர்வு ஆற்றல் மோலுக்கு சுமார் 6 கிலோஜூல் குறைந்தாலே வேகம் 10 மடங்காகும். 12 குறைந்தால் 100 மடங்கு. அந்தப் பிரம்மாண்டமான எண்கள் இப்படித்தான் பிறக்கின்றன.

வினை எதுவரை போகும் என்பதை நொதி தீர்மானிப்பதில்லை. சமநிலையை விரைவில் எட்ட வைப்பதோடு அதன் வேலை முடிகிறது. சிவப்பணுவிலுள்ள கார்பானிக் அன்ஹைட்ரேஸ் இதற்கு நல்ல சான்று. திசுக்களில் அது கார்பன் டை ஆக்சைடை பைகார்பனேட் ஆக்குகிறது. நுரையீரலில் அதே நொதி அதே வினையைத் திருப்பி நடத்துகிறது. ஒரு நொதி மூலக்கூறு வினாடிக்குச் சுமார் 10 லட்சம் முறை இதைச் செய்யும்.

கிளர்வு ஆற்றலைக் குறைக்கும் சூட்சுமம் நொதியின் வடிவத்தில் இருக்கிறது. முட்டை வெள்ளையிலும் கண்ணீரிலும் உள்ள லைசோசைம், பாக்டீரியாவின் செல்சுவரை அறுப்பது. அதன் முப்பரிமாண அமைப்பை டேவிட் பிலிப்ஸின் குழு 1965இல் லண்டனில் வெளியிட்டது. முட்டை லைசோசைமின் 129 அமினோ அமிலங்களும் மடிந்து சுருண்டு நடுவே ஒரு பிளவை உண்டாக்குகின்றன. சுவரின் சர்க்கரைச் சங்கிலி அந்தப் பிளவில் வந்து படிகிறது. 35ஆம் இடத்து குளூட்டமிக் அமிலமும் 52ஆம் இடத்து அஸ்பார்ட்டிக் அமிலமும் எதிரெதிரே நின்று பிணைப்பை முறிக்கின்றன. மற்ற அமினோ அமிலங்களில் பெரும்பாலானவை இந்த இரண்டையும் சரியான இடத்தில் பிடித்து வைக்கவே இருக்கின்றன. எமில் ஃபிஷர் 1894இல் சொன்ன பூட்டு–சாவி உவமை புகழ்பெற்றது, ஆனால் போதாது. நொதி மாற்றவேண்டிய மூலக்கூறான தளப்பொருள் வந்து சேரும்போது நொதியும் வளைந்து பொருந்துகிறது என்று டேனியல் கோஷ்லாண்ட் 1958இல் திருத்தினார்.

வடிவம் குலைந்தால் வேலையும் நின்றுபோகும். வெப்பநிலை 10 பாகை கூடும்போது வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பது பொது விதி. ஓர் எல்லையைத் தாண்டியதும் புரதம் அவிழ்ந்துவிடும். முட்டை வெள்ளை வேகும்போது கெட்டிப்படுவது இந்த மாற்றம்தான். எல்லை எங்கே என்பது நொதிக்கு நொதி வேறுபடும். சயாமிய பூனையின் நிறமி நொதி உடற்சூட்டிலேயே செயலிழந்துவிடுகிறது. ஆகவே குளிர்ச்சியான காது, மூக்கு, பாதம், வால் மட்டும் கறுக்கின்றன. மாறாக, அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் வெந்நீர் ஊற்றில் தாமஸ் பிராக் கண்டெடுத்த பாக்டீரியாவின் நொதி 95 பாகை செல்சியஸையும் தாங்குகிறது. டி.என்.ஏ.வைப் பெருக்கும் பி.சி.ஆர். சோதனையில் கலவையைத் திரும்பத் திரும்பச் சூடாக்க முடிவது இதனால்தான்.

அமிலத்தன்மையும் அப்படியே. இரைப்பையின் பெப்சின் பி.எச். 2 அளவில் சுறுசுறுப்பாக இருக்கும். சிறுகுடலில் கணைய நீரின் பைகார்பனேட் அமிலத்தைத் தணித்ததும் அது ஓய்ந்து, பி.எச். 8ஐ ஒட்டி வேலை செய்யும் டிரிப்சின் பொறுப்பேற்கிறது. சில நொதிகளுக்குத் துணையும் வேண்டும்: கார்பானிக் அன்ஹைட்ரேஸுக்குத் துத்தநாகம், சர்க்கரையிலிருந்து ஆற்றல் எடுக்கும் சில நொதிகளுக்கு பி1 வைட்டமின். தவிடு நீங்கத் தீட்டிய அரிசியையே நம்பியிருந்தவர்களை பெரிபெரி நோய் தாக்கியது பி1 இல்லாமல்தான்.

தளப்பொருளின் அளவைக் கூட்டினால் வேகமும் கூடும், ஆனால் முடிவில்லாமல் அல்ல. எல்லா நொதி மூலக்கூறுகளும் வேலையில் மூழ்கியபின் மேலும் சேர்ப்பதால் பயனில்லை. லியோனர் மைக்கேலிஸும் கனடாவின் மாட் மென்டனும் 1913இல் பெர்லினிலிருந்து இதற்குச் சமன்பாடு தந்தார்கள்.

நொதியின் ஒரே இடத்துக்கு இரு பொருள்கள் போட்டியிட்டால் என்ன ஆகும்? 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட சாராயத்தில் கலந்திருந்தது மெத்தனால். மெத்தனாலைவிடக் கொடியது அதிலிருந்து உடல் உண்டாக்கும் பொருள். கல்லீரலின் ஆல்கஹால் டிஹைட்ரஜனேஸ் நொதி மெத்தனாலை ஃபார்மால்டிஹைடு ஆக்க, இன்னொரு நொதி அதை ஃபார்மிக் அமிலமாக்குகிறது. அந்த அமிலம் உயிரணுக்கள் ஆக்சிஜனைப் பயன்படுத்த உதவும் சைட்டோகுரோம் ஆக்சிடேஸ் நொதியைத் தடுக்கிறது. முதலில் பாதிக்கப்படுவது பார்வை நரம்பு. மருத்துவர்கள் ஃபோமெபிசோல் மருந்தையோ, அது கிடைக்காத இடத்தில் அளவறிந்து எத்தனாலையோ கொடுப்பார்கள். இரண்டுமே மெத்தனாலைவிட இறுக்கமாகக் கல்லீரல் நொதியைப் பற்றிக்கொள்ளும். அதற்குள் மெத்தனால் மாறாமலே மூச்சிலும் சிறுநீரிலும் வெளியேறும், அல்லது டயாலிசிஸில் நீக்கப்படும். அமிலம் ஏற்கெனவே உருவாகியிருந்தால் இந்தத் தடுப்பு மட்டும் போதாது; டயாலிசிஸோடு ஃபோலினிக் அமிலமும் தேவைப்படும்.