ஊரறிந்த உறுதி

இராக்காலத்திலே ஓட்டைப் பிரித்து வீட்டினுள் இறங்கும் கள்வன் கொண்டு செல்வது ஒரு பெட்டி நகையோ, இரண்டு செப்புக் குடமோ ஆகும். பொழுது விடிந்ததும் வீட்டார் தம் இழப்பை அறிந்துகொள்வர். பட்டப்பகலிலே எழுதுகோலும் முத்திரைத் தாளும் கொண்டு நடைபெறும் களவோ அத்தகையதன்று. காணி இருந்த இடத்திலேயே இருக்கும். வேலியும் பனையும் அசையா. ஆயினும் அது பிறருடையதாகிவிட்டிருக்கும். உடையவர் அதனை அறிவது ஐந்தாண்டின் பின்னரோ பத்தாண்டின் பின்னரோ ஆகலாம். யாழ்ப்பாணத் தமிழர் இக்களவுக்கு எத்துணை அஞ்சினர் என்பதையும், அதனைத் தடுக்க எவ்வழியை நாடினர் என்பதையும் அவர்களுடைய பழைய வழமைச் சட்டமே எடுத்துக்காட்டும்.

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே காணி சிறு துண்டுகளாகவே கைமாறி வந்துள்ளது. பரப்பு, குழி, லாச்சம் என்னும் அளவுகளே இதற்குச் சான்று. ஒரு வளவிலே நான்கு உடன்பிறந்தாருக்குப் பிரிக்கப்படாத பங்கு இருக்கும். கிணற்றில் ஒருவருக்கு அரைப்பங்கு, மற்றொருவருக்குக் காற்பங்கு. வழிவாய்க்காலிலே அயலவருக்கும் உரிமை. இத்தகைய காணியிலே ஒருவர் தம் பங்கிற்கு மேலாக எழுதிக் கொடுத்தலும், ஒருவருக்கு ஈடு வைத்ததை மறைத்து வேறொருவருக்கு விற்றலும், விற்றதையே மீண்டும் விற்றலும் எளிதில் நிகழக்கூடியன. ஆண்டுதோறும் வேலி அடைக்கும் காலத்தில் கதியாலைச் சாண் அளவு தள்ளி நாட்டும் களவும் உண்டு. அதுவே வழக்குமன்றங்களுக்கு மிகுதியான வேலை கொடுத்த களவு என நகைப்பாரும் உளர்.

1619ஆம் ஆண்டிலே யாழ்ப்பாண அரசு போர்த்துக்கேயர் கையில் வீழ்ந்தது. அவர்கள் வரி அறவிடுவதற்காகத் தோம்பு எனப்படும் காணி ஏடுகளை எழுதுவித்தனர். 1658ஆம் ஆண்டிலே வந்த ஒல்லாந்தர் அவற்றைத் திருத்திப் புதிதாக எழுதினர். காணியின் பெயர், உடையவர் பெயர், விரிவு ஆகியவை தோம்பிலே இடம்பெற்றன. அரசின் நோக்கம் வரியே எனினும், ‘இது இன்னாருடையது’ என்பதற்கு ஊருக்கு வெளியே ஒரு சாட்சி தோன்றியது குடிகளுக்கும் உதவியாயிற்று. அக்காலத்துக் காணிப்பெயர்கள் பல இன்றைய உறுதிகளிலும் வழங்கி வருகின்றன.

ஒல்லாந்தர் காலத்திலேதான் யாழ்ப்பாணத்து வழமைகள் எழுத்து வடிவம் பெற்றன. தேசாதிபதி சைமன்சு என்பவரின் கட்டளைப்படி, திசாவையாக இருந்த கிளாசு ஐசாக்சு 1706ஆம் ஆண்டிலே அவற்றைத் திரட்டினார். யான் பைரசு என்பவர் அதனைத் தமிழாக்கினார். பன்னிரண்டு முதலிமார் அதனைப் பார்வையிட்டு, நாட்டு வழமைக்கு ஒத்ததென ஏற்றுக்கொண்டனர். 1707ஆம் ஆண்டிலே அது சட்டமாக விளங்கலாயிற்று. தேசவழமை என வழங்குவது இதுவேயாகும். 1806ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரமாணத்தினால் ஆங்கிலேய அரசும் அதனை உறுதிப்படுத்தியது.

தேசவழமையிலே காணி விற்பனை பற்றிய பகுதி கருத்தூன்றி நோக்கத்தக்கது. காணியை விற்க எண்ணுபவர் தம் உரித்தாளிகளுக்கும், பங்காளிகளுக்கும், காணியை ஈடு பிடித்திருக்கும் எல்லைக்காரருக்கும் முன்னறிவித்தல் கொடுத்தல் வேண்டும். கொடாது பிறருக்கு விற்பின், அவர்கள் அக்காணியைத் தாமே வாங்கும் உரிமையைக் கோரலாம். அறிவித்தலுக்குத் தவணையும் வகுக்கப்பட்டிருந்தது. அதே ஊரில் இருப்பவருக்கு ஒரு மாதம். ஊருக்கு வெளியே அதே பகுதியில் இருப்பவருக்கு மூன்று மாதம். வேறு பகுதியில் இருப்பவருக்கு ஆறு மாதம். நாட்டுக்கு அப்பால் சென்றிருப்பவருக்கு ஓராண்டு. அத்தவணை கழிந்த பின்னரும் ஒருவர் வாளாவிருப்பின் விற்பனை நிலைத்துவிடும்.

இதனைக் குடும்பச் சொத்து வெளியாரிடம் செல்லாது காக்கும் ஏற்பாடு என்றே சட்ட நூலார் விளக்குவர். அஃது உண்மையே. எனினும் அதனால் விளைந்த பிறிதொரு நன்மையும் உண்டு. பங்காளி, ஈடு பிடித்தவர், எல்லைக்காரர் ஆகிய மூவருக்கும் தெரியாமல் ஒரு காணியை விற்றல் அரிதாயிற்று. தனக்கில்லாத பங்கை விற்க வந்தவனைப் பங்காளி அறிவான். கடனை மறைக்க வந்தவனை ஈடு பிடித்தவன் அறிவான். எல்லையைக் கூட்டி எழுத வந்தவனை அயலான் அறிவான். வாங்குபவருக்கு இவர்களுடைய அறிவே காப்பாக அமைந்தது.

புளோம் என்னும் ஒல்லாந்த அதிகாரி அம்முறையை மாற்றினார். விற்பவருடைய ஊருக்குரிய தேவாலயத்திலே, அடுத்தடுத்து மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் விற்பனை அறிவிக்கப்படுதல் வேண்டும் என விதிக்கப்பட்டது. அக்காலத்திலே வீட்டில் திருநீறு பூசிய பலர் அரசின் கெடுபிடிக்காகத் தேவாலயம் சென்றனர் என்பது வரலாறு. வேதம் கேட்கச் செல்லாவிடினும், எந்த வளவு விலைக்கு வந்துள்ளது எனக் கேட்கவேனும் சென்றிருப்பர். ஓராண்டுத் தவணை மூன்று கிழமையாகக் குறுகிய போதிலும், ஊரறியச் செய்தல் என்னும் கொள்கை மாறவில்லை.

1795ஆம் ஆண்டிலே யாழ்ப்பாணம் ஆங்கிலேயர் வசமாயிற்று. வாய்மொழி விற்பனைகளும், அவற்றை நிலைநாட்ட வந்த பொய்ச்சாட்சிகளும் புதிய நீதிமன்றங்களுக்குப் பெரும் தலைவலியாயின. இங்கிலாந்திலே 1677ஆம் ஆண்டில் இதே நோய்க்கு மருந்தாக ஒரு சட்டம் இயற்றப்பட்டிருந்தது. அதன் போக்கைத் தழுவி இலங்கையிலே 1834ஆம் ஆண்டில் ஒரு சட்டமும், அதனை நீக்கி 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டமும் வந்தன. மோசடித் தடைச் சட்டம் என்பது இதுவே. காணியை விற்றலோ, ஈடு வைத்தலோ எழுத்திலே அமைதல் வேண்டும். எழுதிக் கொடுப்பவர் பிரசித்த நொத்தாரிசு ஒருவருக்கும், ஒரே வேளையிற் சமுகமாயிருக்கும் இரண்டு சாட்சிகளுக்கும் முன்னிலையிலே கையொப்பமிடுதல் வேண்டும். தவறின் அது சட்டத்தின் முன் செல்லாது. இதுவே அச்சட்டத்தின் சாரம்.

முன்பு ஊர் முழுவதும் நின்ற இடத்திலே இப்பொழுது மூவர் நின்றனர். ஆதலின் அம்மூவரும் எத்தகையோர் என்பது முதன்மை பெற்றது. 1907ஆம் ஆண்டின் நொத்தாரிசுச் சட்டம் இதற்கு விரிவான விதிகளை வகுத்தது. எழுதிக் கொடுப்பவரை நொத்தாரிசு அறிந்திருத்தல் வேண்டும். அன்றேல் சாட்சிகளேனும் அவரை அறிந்திருத்தல் வேண்டும். உறுதியை வாசித்துப் பொருள் விளங்கச் செய்தல் வேண்டும். பணம் தம் முன்னிலையில் கைமாறியதா என்பதை அத்தாட்சியிலே குறித்தல் வேண்டும். அடுத்த மாதம் பதினைந்தாம் நாளுக்குள் உறுதியின் இரண்டாம் பிரதியைக் காணிப் பதிவாளருக்கு அனுப்புதல் வேண்டும். ஆள்மாறாட்டக்காரன் இவ்விதிகளுக்கு அஞ்சுவான். கந்தோர் வாயிலிலே நிற்கும் முன்பின் அறியாத ஒருவரைச் சிறு தொகைக்குச் சாட்சியாக்கும் இடத்திலே அவனுக்கு அச்சமில்லை. விதி பழுதானதன்று, அதனைச் சடங்காக்கியதே வாயிலைத் திறந்துவிட்டது.

ஒரே காணியை இருவருக்கு விற்கும் மோசடிக்கு 1863ஆம் ஆண்டிலே தொடங்கிய காணிப் பதிவுமுறை விடையளித்தது. 1927ஆம் ஆண்டின் பத்திரப் பதிவுச் சட்டம் அதனை மேலும் திருத்தமாக்கியது. முன்னர் எழுதிய உறுதியாயினும், பதியாது பெட்டியிலே கிடப்பின், விலை கொடுத்து வாங்கிப் பின்னர் எழுதி முன்னர்ப் பதிந்த உறுதிக்குத் தோற்றுவிடும். வஞ்சகமும் கூட்டுச்சதியும் மெய்ப்பிக்கப்பட்டால் மாத்திரமே அந்த முதன்மை கெடும். இவ்விதியை அறியாது, உறுதி கையில் இருக்கிறதே என நிம்மதியாக உறங்கிக் காணி இழந்தோர் உண்டு. வாங்குவதற்கு முன்னர்ப் பதிவேட்டைத் தேடிப் பார்த்தலும், வாங்கியவுடன் பதிதலும் அக்காலம் முதல் விவேகிகளின் வழக்கமாயின. உடையவர் தம் காணி குறித்து எச்சரிக்கை அறிவித்தல் ஒன்றைப் பதிவகத்திலே கொடுத்து வைப்பதற்கும் அச்சட்டத்தில் இடமுண்டு. கொடுத்தால், குறித்த காலத்துக்குள் அக்காணி தொடர்பாக எந்தப் பத்திரம் பதிவுக்கு வந்தாலும் அவருக்குச் செய்தி சென்றாதல் வேண்டும். தேசவழமை ஊராருக்கு அறிவித்ததை இச்சட்டம் உடையவருக்கு அறிவிக்கிறது. பயனுள்ள இந்த ஏற்பாட்டைப் பலர் அறியாமலிருப்பது வருந்தத்தக்கது.

மோசடியைத் தடுக்க வந்த 1840ஆம் ஆண்டின் சட்டமே மோசக்காரருக்குக் கேடயமாகிய கதையும் கூறப்படுதல் வேண்டும். தேசவழமையிலே ஒற்றி என்னும் முறை உண்டு. கடன் கொடுத்தவர் காணியை ஆண்டு அதன் விளைவை வட்டிக்கு ஈடாகக் கொள்வார். முதல் திரும்பியதும் காணியும் திரும்பும். பின்னாளிலே கடன் கொடுப்போர் பலர் ஒற்றியையும் ஈட்டையும் விரும்பாது, ‘அறுதியாக எழுதித் தா, பணத்தைத் தந்ததும் திருப்பி எழுதித் தருகிறேன்’ என்றனர். மகளின் கலியாணத்துக்கோ, மருத்துவத்துக்கோ பணம் வேண்டி நின்றவர் அந்த வாய்ச்சொல்லை நம்பிக் கையொப்பமிட்டார். தவணைக்குப் பணத்தோடு சென்றபோது கதவு சாத்தப்பட்டது. நீதிமன்றத்திலே அவர் முறையிட்டபோது, காணி பற்றிய வாக்குறுதி எழுத்தில் இல்லையாயின் செல்லாது என்னும் சட்டமே அவருக்கு எதிராக எடுத்துக் காட்டப்பட்டது.

இக்கொடுமைக்கு 1917ஆம் ஆண்டின் நம்பிக்கைப் பொறுப்புச் சட்டம் ஓரளவு வழி திறந்தது. காணியின் பயனையும் சேர்த்துக் கொடுக்க உடையவர் எண்ணவில்லை என்பது சூழ்நிலைகளால் தெளிவாகுமாயின், வாங்கியவர் அதனை உடையவருக்காகவே வைத்திருப்பவராகக் கருதப்படுவார். விலை காணியின் பெறுமதிக்கு மிகக் குறைந்ததா, எழுதிக் கொடுத்த பின்னரும் அவரே அவ்வீட்டில் இருந்தாரா என நீதிமன்றங்கள் ஆராயலாயின. ஆயினும் அவ்வழி நெடியது, செலவு மிக்கது. முடிவும் ஒருபோதும் திண்ணமன்று. பணமுடையைக் கண்டு அறுதி உறுதி கேட்பவரிடம் ஈட்டு உறுதி மட்டுமே எழுதிக் கொடுக்கத் துணிந்தவர் இவ்வளவு தொல்லைக்கும் ஆளாகவில்லை.

முன்வாங்கும் உரிமையைப் பங்காளிகளுக்கும் உரித்தாளிகளுக்கும் உரியதாக ஒழுங்குபடுத்தி 1947ஆம் ஆண்டின் 59ஆம் இலக்கச் சட்டம் வந்தது. அதன் பின்னர் நாட்டிலே நிகழ்ந்த போர் ஊரறிதல் என்னும் காப்பையே அடியோடு தகர்த்தது. ஊரவர் இடம்பெயர்ந்தனர், எல்லைக்காரர் எங்கெங்கோ சிதறினர், உறுதிகள் வீட்டோடு அழிந்தன. பத்தாண்டு எதிருரிமையாக ஆண்டவருக்குக் காணியை உரித்தாக்கும் 1871ஆம் ஆண்டின் சட்டம், திரும்பி வர இயலாதவருக்கு எமனாயிற்று. 2016ஆம் ஆண்டிலே இயற்றப்பட்ட சிறப்பேற்பாட்டுச் சட்டம், 1983 மே 1 முதல் 2009 மே 18 வரை ஆயுதச் செயல்களால் தம் காணியை அணுக முடியாதிருந்தோருக்கு எதிராக அக்காலம் கணக்கிடப்படாது என வகுத்து, இத்தீங்கைத் தணித்தது.

புலம்பெயர்ந்தோர் காணிகளிலே அற்றோணித் தத்துவத்தைக் கொண்டு நடைபெறும் மோசடி வேறு வகையினது. கனடாவிலோ இங்கிலாந்திலோ இருப்பவரின் பெயரால் பொய்யான தத்துவப் பத்திரம் தோன்றும். அதனைக் கொண்டு உறுதி எழுதப்படும். சில வேளைகளில் பத்திரம் மெய்யாகவே இருக்கும். வேலியைப் பார்த்துக்கொள்ளக் கொடுத்த அதிகாரம் விற்கும் அதிகாரமாக விரிந்து எழுதப்பட்டிருக்கும். 2022ஆம் ஆண்டிலே பாராளுமன்றம் மோசடித் தடைச் சட்டத்தையும், நொத்தாரிசு, அற்றோணித் தத்துவம் பற்றிய சட்டங்களையும் திருத்தியது இத்தகைய களவுகளைக் கருதியேயாம்.

நாட்டுக்கு அப்பால் இருப்பவர் அறிந்துகொள்வதற்கு 1707ஆம் ஆண்டின் தேசவழமை ஓராண்டு காத்திருந்தது. பாய்மரக் கப்பலிலே செய்தி போய் வரும் காலம் அது. இன்று தொலைபேசியிலே நொடிப்பொழுதில் செய்தி செல்கிறது. ஓராண்டு காத்திருக்கும் விதி இல்லை. ஆதலின், பார்த்துக்கொள்ள மட்டும் அதிகாரம் கொடுத்து, விற்கும் அதிகாரத்தைத் தம்மிடமே வைத்திருப்போர் உளர். ஆண்டுக்கொரு முறை காணிப் பதிவகத்திலே தம் காணிக்குரிய ஏட்டுத்தாளைத் தேடுவிப்போரும் உளர். ஊரிலே எஞ்சியிருக்கும் எல்லைக்காரரை அழைத்து, வளவிலே புதிய முகம் ஏதேனும் தென்பட்டதா எனக் கேட்போரே மிகப் பலர்.