நவம்பர் முதல் நாளும் நம் பல்கலைக் கழகமும்

பழவங்காடிப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைத்துவிட்டு, மகாத்மா காந்தி சாலை வழியே வடக்கு நோக்கி நடப்போமாயின், தலைமைச் செயலகத்தையும் பல்கலைக் கழகக் கல்லூரியையும் கடந்து பாளையத்துப் பல்கலைக் கழக வளாகத்தை அடையலாம். (பழைய அங்காடி என்பதே பழவங்காடியின் பொருள். தமிழ்நாட்டார் பேச்சில் அருகிவிட்ட அங்காடி என்னும் சொல்லை இவ்வூரார் இன்றும் நாவில் வைத்துப் போற்றுகின்றனர்.)

நவம்பர் முதல் நாளன்று அவ்வழிச் செல்வோர்க்கு அது ஓர் இனிய காட்சி. கசவுக் கரையிட்ட ஆடையணிந்த மாணவ மாணவியர் சாரி சாரியாக வருவர். மொழி உறுதிமொழி, கவியரங்கு, நாட்டுப் பாடல், வினாடி வினா, திருவாதிரைக் களி (உண்ணும் களியன்று, ஆடும் களி) என்று வளாகம் முழுதும் ஆரவாரமாயிருக்கும். கேரளம் பிறந்த நாளன்றோ! அவ்விளைஞர்தம் மகிழ்ச்சியில் நாமும் பங்கு கொள்கிறோம். ஆயினும், அந்நாளுக்கு வேறு இரு நினைவுகளும் உண்டென்பதை அங்குக் கூடும் மாணவருள் எத்துணைப் பேர் அறிவர்?

திருவிதாங்கூர்ப் பல்கலைக் கழகம் தோன்றியதும் 1937 நவம்பர் முதல் நாளன்றுதான். சித்திரைத் திருநாள் மகாராசா அதன் முதல் வேந்தர். திவான் சர் சி. பி. இராமசாமி ஐயர் முதல் துணைவேந்தர். அதுவரை சென்னைப் பல்கலைக் கழகத்தைச் சார்ந்திருந்த திருவிதாங்கூர்க் கல்லூரிகள் அதன்கீழ் வந்தன. நாகர்கோவில் ஸ்காட் கிறித்தவக் கல்லூரியும் அவற்றுள் ஒன்று.

பல்கலைக் கழகத்தினும் மூத்தது இந்நகரக் கல்லூரியில் தமிழரின் தொண்டு. சுவாதித் திருநாள் காலத்தில், 1834 இல், பள்ளியாகத் தொடங்கிய அது 1866 இல் மகாராசா கல்லூரியாயிற்று. அங்கே பயின்று, அங்கேயே தத்துவப் பேராசிரியராய் விளங்கியவர் ஆலப்புழையிற் பிறந்த பெ. சுந்தரம் பிள்ளை. 1891 இல் அவர் வெளியிட்ட 'மனோன்மணியம்' நாடகத்தை அறியாத தமிழரில்லை. ஆனால், கல்வெட்டுகளை ஆராய்ந்து திருவிதாங்கூரின் பண்டை மன்னர் வரலாற்றைத் துலக்கியவரும் அவரே என்பதை நம்மவரே மறந்துவிட்டோம். வகுப்பறையில் தத்துவம், கோயிற் சுவரில் வரலாறு, இல்லத்தில் தமிழ் என்று வாழ்ந்த அப்பெரியார் 1897 இல் நாற்பத்திரண்டாம் வயதிலேயே மறைந்தார். எண்ணுந்தோறும் நெஞ்சு கனக்கிறது.

பின்னாளில் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை இந்நகர் மகளிர் கல்லூரியில் தமிழ் கற்பித்தார். வள்ளல் அழகப்பச் செட்டியாரின் கொடையால் 1940களில் பல்கலைக் கழகத்தில் தமிழ்த்துறை அமைந்தது. 1951 முதல் 1954 வரை பேராசிரியர் ச. வையாபுரிப் பிள்ளை அதனை அணிசெய்தார். நாஞ்சில் நாட்டு இளைஞர் பலர் கட்டுச்சோற்று மூட்டையுடன் இந்நகருக்கு வந்து பயின்ற காலம் அது.

அக்காலத்திலேயே மொழிவழி எல்லைப் போராட்டமும் முற்றியது. 1954 ஆகஸ்டு 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பலியாயின. 1956 நவம்பர் முதல் நாளன்று தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் கன்னியாகுமரி மாவட்டமாகச் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. அங்குள்ளோர்க்கு அது வெற்றித் திருநாள். இங்கே சாலைக் கடைத்தெருவிலும் கோட்டைப் புறத்திலும் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த தமிழர்க்கோ, உற்றாரை ஒரு மாநிலத்திலும் தம்மை மற்றொரு மாநிலத்திலும் கண்ட நாள். மகிழ்வதா, வருந்துவதா? இரண்டுமே நேர்ந்தன. 1957 இல் திருவிதாங்கூர்ப் பல்கலைக் கழகம் கேரளப் பல்கலைக் கழகமாயிற்று. நாகர்கோவிற் கல்லூரிகள் அதனின்று பிரிந்தன. தமிழ்த்துறை மட்டும் பிரியவில்லை. இன்று அது காரியவட்டம் வளாகத்தில் நடைபெறுகிறது.

நவம்பர் முதல் நாள் மேடையில் சுந்தரனாரின் பெயரும் ஒருமுறை ஒலிக்கவேண்டுமென்று இளைஞர்களைக் கேட்டுக்கொள்வதில் தவறில்லை. மலையாள மாணவர் மறுக்கமாட்டார்கள். கேட்க வேண்டியவர் நம் பிள்ளைகளே. அவருடைய நாடகத்தின் தொடக்கப் பாடலிலிருந்துதான் 1970 இல் தமிழ்நாடு அரசு தன் தமிழ்த்தாய் வாழ்த்தை எடுத்துக்கொண்டது. 1990 இல் திருநெல்வேலியில் தோன்றிய பல்கலைக் கழகத்துக்கும் அவர் பெயரே சூட்டப்பெற்றது. எல்லை பிரிந்தபோது நம்மை விட்டுச் சென்ற ஸ்காட் கிறித்தவக் கல்லூரி இன்று அதனோடுதான் இணைந்துள்ளது. நாஞ்சில் நாட்டு மாணவர் தம் ஊரிலேயே படித்து, திருவனந்தபுரத்துப் பேராசிரியர் ஒருவரின் பெயர் பொறித்த பட்டத்தைப் பெறுகின்றனர்.